ஒன்றரைக் கன சென்டிமீட்டர் பெயின்ட்

ஜீப் வகை வண்டி ஒன்றின் பானட் ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பு கொண்டது. வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலைபோலத் தெரியும் நுண்கீறல்களைப் போக்க, அதில் மெஷின் வைத்துப் பாலிஷ் போடுகிறார்கள். மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் படலத்தில் ஒரே ஒரு மைக்ரான் தேய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனமே எழுபது மைக்ரான் வரும். கணக்கில் சேர்க்க வேண்டாத அளவு என்றுதான் தோன்றும். ஆனால் பரப்பையும் கனத்தையும் பெருக்கிப் பாருங்கள், ஒன்றரைக் கன சென்டிமீட்டர் வருகிறது. குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சிறு கரண்டியில் கால் பங்குக்கு மேல் நிறையும் அளவு பெயின்ட் அந்தத் தகட்டை விட்டுப் போயிருக்கிறது. கொஞ்சம் துடைக்கும் துணியில் ஒட்டியிருக்கும், கொஞ்சம் தூசியாய்ப் பறந்திருக்கும். மிச்சமெல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: மெஷின் முனையில் சுற்றிய ஃபோம் பேடுக்குள்.

அந்தப் பேடின் குறுக்களவு 125 மில்லிமீட்டர் என்றால் முகப்பரப்பு சுமார் 120 சதுர சென்டிமீட்டர். ஃபோமில் பெரும்பகுதி வெறும் காற்று. தேய்க்கும் வேலையில் நேரடியாக ஈடுபடுவது மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்று கொண்டால், அங்கே இருக்கும் வெற்றிடம் 12 கன சென்டிமீட்டர். அதில் எட்டில் ஒரு பங்கை ஒரு பானட்டின் பெயின்ட் மட்டுமே நிரப்பிவிடக்கூடும். பாலிஷில் இருந்த உராய்வுத் துகளும் காய்ந்த எண்ணெய்ப் பசையும் இதற்கு மேல். ‘மீடியம்’ என்று அச்சிட்ட பேடை வாங்கி வந்தவர், பானட்டை முடித்துவிட்டுக் கதவுக்கு நகரும்போது கையில் வைத்திருப்பது மீடியம் பேட் அல்ல. துளை அடைபட்டு, பசை இறுகி, வேறு குணம் கொண்டுவிட்ட ஒரு பொருள். எந்தப் பேடை வாங்குவது என்ற கேள்வியையும் அதை எப்படிப் பேணுவது என்ற கேள்வியையும் தனித்தனியாகக் கேட்பதில்தான் தவறு தொடங்குகிறது. பேடின் தரம் என்பது அது சுத்தமாகவும் சூடேறாமலும் இருக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லும் தரம். அந்த நிமிடங்களை நீட்டிக்கத் தெரியாதவருக்கு விலை உயர்ந்த பேடும் ஒன்றுதான், மலிவானதும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கச் சேர்வராயன் மலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் சேலம். முப்பது கிலோமீட்டர் சாலையும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் தாண்டினால் 1,515 மீட்டரில் ஏற்காடு. ஒரே வண்டி, ஒரே பாலிஷ், ஒரே பேட், ஆனால் இரண்டு வேறு காற்று. போதாததற்கு, பாலிஷ் பாட்டிலுக்குள் இருக்கும் உராய்வுப் பொருளின் மூலக்கனிமமும் இந்த மலையின் தலையிலேயே கிடக்கிறது. மேட்டுச் சமதளங்களில் காணும் செம்மண்ணுக்கிடையே, சார்னோகைட் பாறை காலங்காலமாக மழையில் கரைந்து சிதைந்து எஞ்சியதுதான் பாக்சைட். மேட்டூரில் 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்கு, 2008-இல் அதன் உருக்காலை நிற்கும்வரை, ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இந்தத் தாது போனது. அங்கே அது அலுமினியமாக உருகியது. ஆனால் பாக்சைட்டிலிருந்து பிரித்தெடுக்கும் அலுமினாவை உருக்காமல், ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு அரைத்தால் கிடைப்பது மோஸ் அளவுகோலில் 9 கடினத்தன்மை கொண்ட தூள். மாணிக்கமும் நீலமும் வேதியியல்படி அதே பொருள்தான். கார் பாலிஷ்களில் பெரும்பாலானவை இந்தத் தூளைத்தான் நம்பியிருக்கின்றன. பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரிக்கும் முறையை 1888 வாக்கில் தந்தவர் கார்ல் ஜோசப் பாயர். பேட் செய்யப்படும் பாலியூரித்தேனை 1937-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தவர் ஓட்டோ பாயர். இருவருக்கும் பொதுவானது பெயர் மட்டும். பாலிஷ் போடும்போது கல் பாயரின் பொருளும் நுரை பாயரின் பொருளும் ஒரு பானட்டின் மேல் சந்தித்துக்கொள்கின்றன.

முதல் மறுப்பு இங்கேயே எழும். கீறலை எடுப்பது அலுமினாத் தூள்தானே, பேட் அதைச் சுமக்கும் பஞ்சுதானே, அதற்கு ஏன் இத்தனை பேச்சு? பல பட்டறைகளில் காம்பவுண்ட் வாங்கும்போது காட்டும் கவனத்தைப் பேட் வாங்கும்போது காட்டாததற்கு இந்த எண்ணமே காரணம். 1927-இல் தட்டைக் கண்ணாடிகளை மெருகேற்றும் இயந்திரங்களை ஆராய்ந்த எஃப். டபிள்யூ. பிரஸ்டன் எளிய விதி ஒன்றைச் சொன்னார்: தேயும் வேகம், அழுத்தத்தையும் ஒன்றன்மேல் ஒன்று நகரும் வேகத்தையும் பெருக்கிய அளவைச் சார்ந்தது. கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்த விதியில் பேடின் பங்கு ஒளிந்திருக்கிறது. அழுத்தம் என்பது கை கொடுக்கும் பாரம் அல்ல. ஒவ்வொரு துகளும் பெயின்ட்டின் மேல் உணரும் பாரம். கடினமான ஃபோம் துகளைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பதால் துகள் கிளியர் கோட்டில் இறங்குகிறது. மென்மையான ஃபோமில் துகள் பின்வாங்கி நுரைக்குள் புதைந்துகொள்ள, பெயின்ட்டை மேலோட்டமாகத் தடவிவிட்டுப் போகிறது. ஒரே பாட்டிலிலிருந்து எடுத்த பாலிஷ் ஒரு பேடில் கீறலை எடுப்பதும், இன்னொரு பேடில் பளபளப்பை மட்டும் கூட்டுவதும் இதனால்தான். தூள் கத்தி என்றால் பேட் அதன் பிடி மட்டுமல்ல, கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று தீர்மானிக்கும் தடுப்பும் அதுதான்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? நிறத்தைப் பார்த்து அல்ல. ஆரஞ்சு என்றால் இது, கறுப்பு என்றால் அது என்று கடையில் சொல்வார்கள்; எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான நிற விதி எதுவும் கிடையாது. ஒருவருடைய மஞ்சள் இன்னொருவருடைய வெள்ளையைவிட மென்மையாக இருக்கலாம். கட்டை விரலால் அழுத்தி, எவ்வளவு எதிர்க்கிறது, விட்டதும் எவ்வளவு வேகமாக எழுகிறது என்று பார்ப்பது அதைவிட நம்பகமானது. அடுத்தது துளைகளின் அமைப்பு. ஃபோமின் நுண்ணறைகளுக்கிடையே மெல்லிய சவ்வுகள் இருந்தால் பாலிஷ் மேலேயே தங்கும். அந்தச் சவ்வுகளை வெப்பத்தாலோ காரத்தாலோ நீக்கிய திறந்த அறை ஃபோமில் காற்றும் தண்ணீரும் தாராளமாகப் போய்வரும். மூன்றாவது, கனம். தடித்த பேட் நல்ல மெத்தை என்று தோன்றும். ஆனால் சுற்றியபடியே அலையும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில் அந்த மெத்தைதான் இயக்கத்தின் ஒரு பகுதியை விழுங்கிச் சூடாக மாற்றுகிறது. மெஷின் அசைகிறது, நுரை நெளிகிறது, பெயின்ட்டோடு ஒட்டிய முகம் மட்டும் சோம்பலாக நகர்கிறது. நடுத்தரக் கடினம், குறைந்த கனம், திறந்த அறை: ஒரே வகைப் பேடைத்தான் வாங்க முடியும் என்றால் இந்தக் கட்டுரையின் பரிந்துரை அதுதான். மென்மையான ஃபினிஷிங் பேட் இரண்டாவதாக வரட்டும்.

பேடின் ஆயுளைக் குடிப்பதில் பெயின்ட் கசடுக்கு இணையானது சூடு. ரோட்டரி மெஷினில் 125 மில்லிமீட்டர் பேட் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பெயின்ட்டின் மேல் ஓடுகிறது. மணிக்கு 35 கிலோமீட்டர். நடுப்புள்ளியோ அசைவதே இல்லை. டூயல் ஆக்‌ஷனில் 15 மில்லிமீட்டர் வீச்சும் நிமிடத்துக்கு 4,000 அலைவும் என்றால், நடுப்பகுதி உட்பட எல்லாப் புள்ளியும் நொடிக்குச் சுமார் மூன்று மீட்டர் வேகத்தில் நகர்கிறது. வேலை சீராகப் பரவுகிறது, ஆனால் நடுவில் உண்டாகும் சூடு வெளியேற வழியில்லை. வீட்டுக் கூரைக்கு வெப்பத்தடுப்பாகப் போடுகிற அதே குடும்பத்து நுரைதான் இது. சூட்டைக் கடத்தாமல் இருப்பதற்கென்றே பிறந்தது. எனவே உராய்வில் பிறக்கும் வெப்பம் பேட் வழியாக மேலே போகாமல் கீழே பெயின்ட்டுக்குள் இறங்குகிறது. அடியில் இரும்புத் தகடு இருந்தால் அது சூட்டை நாலாபுறமும் இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பம்பர் அதைச் செய்யாது. அங்கே பெயின்ட் சீக்கிரமே சூடேறும். இன்னொரு புறம், நுரையும் அதை மெஷினில் மாட்டும் வெல்க்ரோவும் ஒட்டிய இடத்தில் நெளிவின் சூடு சேர்ந்து பசை இளகுகிறது. பேடின் நடுவில் ஓட்டை வைத்திருப்பது அழகுக்காக அல்ல.

இன்னும் அழுத்தினால் சீக்கிரம் வேலை முடியுமே என்பவருக்குப் பிரஸ்டனின் விதியே துணைபோவதுபோலத் தெரியும். அழுத்தம் கூடினால் தேய்வும் கூடத்தானே வேண்டும்? அந்தப் பெருக்கலில் இரண்டாவது எண்ணும் இருக்கிறது. டூயல் ஆக்‌ஷன் பேட் தானாகச் சுழல்வது ஒரு தளர்வான இயக்கம். பாரம் ஏறியதும் சுழற்சி மந்தமாகி நின்றே போகும். நுரை தட்டையாகி, துளைகள் மூடி, கசடு வெளியேற இடமில்லாமல் போகும். அழுத்தத்தில் சம்பாதித்ததை வேகத்தில் தொலைத்துவிட்டுச் சூட்டை மட்டும் வாங்கிக்கொள்வது நல்ல வியாபாரம் அல்ல.

அடைபட்ட பேட் எப்படி மோசமாகிறது என்பதைப் பட்டறைகளைவிடக் கூர்மையாக அளந்து வைத்திருக்கும் தொழில் ஒன்று உண்டு. கணினிச் சில்லு செய்யும் ஆலைகளில் சிலிக்கான் தகடுகளைச் சமப்படுத்துவதும் பாலியூரித்தேன் பேடும் நுண்துகள் கலந்த திரவமும்தான். அந்தப் பேடுகள் சிறிது நேரம் ஓடியதும் மேற்பரப்பு மழுங்கி, துளைகள் நிரம்பி, கண்ணாடிபோல வழவழப்பாகிவிடும்; தேய்க்கும் வேகம் சரியும். அதனால் வைரத் துகள் பதித்த தட்டு ஒன்றைப் பேடின் மேல் ஓட்டி, அதன் சொரசொரப்பை வேலையினூடே திரும்பத் திரும்ப மீட்டெடுக்கிறார்கள். அங்கே பேடைச் சுத்தம் செய்வது வேலை முடிந்தபின் நடக்கும் பராமரிப்பு அல்ல, வேலையின் ஒரு பகுதி. ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகக்கூடாத தொழில் கண்டுகொண்ட முறை இது. கார் பட்டறையில் வைரத் தட்டு தேவையில்லை. ஒரு நைலான் பிரஷ்ஷோ கம்ப்ரஸர் காற்றோ போதும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், மெஷின் மெதுவாகச் சுற்ற, பிரஷ்ஷைப் பேடின் முகத்தில் சில நொடி பிடித்தால் காய்ந்த கசடு தூளாகப் பறக்கும். காற்றடித்தால் துளைக்குள் இருப்பதும் வரும். அப்படி வெளியே வருவதைப் பார்த்தால் முதலில் சொன்ன ஒன்றரைக் கன சென்டிமீட்டர் மீது சந்தேகம் இருக்காது.

மலையடிவாரத்துக்கும் மலைமேலுக்கும் உள்ள வேறுபாட்டை இப்போது எடுத்துக்கொள்ளலாம். காற்று எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும் என்பது, அந்த வெப்பநிலையில் அது தாங்கக்கூடிய அதிகபட்ச ஆவிக்கும் ஏற்கெனவே அதில் இருக்கும் ஆவிக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. சித்திரை மாத மதியத்தில் சேலம் 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று கொள்வோம். அந்த வெப்பத்தில் காற்று தாங்கும் ஆவியழுத்தம் சுமார் 66 மில்லிபார், இருப்பது 26, இடைவெளி 40. ஐப்பசியில் மூடுபனி இறங்கிய ஏற்காட்டில் 22 டிகிரி, 90 சதவீதம் என்று வைத்தால், தாங்குவது 26, இருப்பது ஏறக்குறைய 24, இடைவெளி இரண்டரை. காய வைக்கும் ஆற்றலில் பதினைந்து மடங்கு வித்தியாசம். சேலத்தில் தொல்லை என்னவென்றால், பேடில் வைத்த பாலிஷ் இரண்டு சுற்று முடியும் முன்பே காய்ந்து பொருக்காகிவிடும். அங்கே நிழல் வேண்டும், சிறு பரப்பாகப் பிரித்து வேலை செய்ய வேண்டும், பிரஷ் அடிக்கடி தேவை, ஒரு வண்டிக்கு ஐந்தாறு பேட் கையில் இருக்க வேண்டும். காய்ந்துபோன பேடில் மேலும் பாலிஷ் ஊற்றி இளக்கப் பார்ப்பது, அடைபட்ட சாக்கடையில் இன்னும் தண்ணீர் விடுவதுபோலத்தான்.

ஏற்காட்டில் தொல்லை மறுபக்கத்தில் இருக்கிறது. பாலிஷ் பொறுமையாகக் காய்வது வேலைக்கு நல்லதுதான். கழுவிய பேட் காயாதே, அதுதான் சிக்கல். காப்பித் தோட்டக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கழுவிய கொட்டையைக் களத்தில் கனமாகக் கொட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மெல்லியதாகப் பரப்பிக் கிளறுவார்கள், அல்லது அடியிலும் காற்றுப் போகும்படி உயரத்தில் வலைத்தட்டு போடுவார்கள். பேடுக்கும் அதே உபாயம்தான். வெதுவெதுப்பான நீரில், மென்மையான சோப்புக் கரைசலில் விரலால் அழுத்தி அழுத்திக் கழுவி, துணிபோல முறுக்காமல் பிழிந்து, மெஷினிலேயே மாட்டி ஒரு வாளிக்குள் வைத்துச் சுற்றினால் தண்ணீரின் பெரும்பங்கு சிதறிப் போய்விடும். பிறகு நுரைப் பக்கம் கீழே இருக்குமாறு கம்பி வலைமேல் வைத்தால் எஞ்சிய நீர் வெல்க்ரோப் பசையில் தேங்காமல் சொட்டும். ஒரு விசிறி ஓடினால் இன்னும் நல்லது. மூடுபனி மாதங்களில் தடித்த பேட் இரண்டு நாளாகியும் உள்ளே ஈரமாகவே இருப்பதில் வியப்பில்லை. மெல்லிய, திறந்த அறைப் பேடுக்கு மேலே தந்த பரிந்துரை மலைமேல் இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் பூஞ்சை நாற்றம் மட்டுமா வரும்? பாலியூரித்தேனில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. எஸ்டர் வகையின் மூலக்கூறுச் சங்கிலியைத் தண்ணீர் மெல்ல மெல்ல வெட்டுகிறது. அலமாரியில் பல ஆண்டு அணியாமல் வைத்த ஷூவின் அடிப்பகுதி ஒருநாள் காலை வைத்ததும் பொலபொலவென உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஈதர் வகை தண்ணீரைத் தாங்கும், ஆனால் ஒளியிலும் ஆக்சிஜனிலும் சிதையும். நுரையால் செய்த பழைய நாற்காலிகளையும் கலைப்பொருள்களையும் காக்கும் அருங்காட்சியகங்களுக்கு இந்த இரண்டு மரணங்களும் நன்கு தெரியும். எந்த வகை என்று பேட் உறையில் எழுதியிருப்பது அரிது. ஆகவே இரண்டுக்கும் பயந்தே நடப்பது உத்தமம்: ஏற்காட்டில் ஈரத்தோடு பூட்டாதீர்கள், சேலத்தில் சீக்கிரம் காயட்டும் என்று சுடு வெயிலில் போடாதீர்கள். இரண்டு ஊரிலும் பெட்ரோல், தின்னர் போன்றவற்றால் கழுவுவது நுரையையும் பசையையும் சேர்த்துக் கெடுக்கும்.

மலைப்பாதை தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறது. இருபது வளைவுகளிலும் பிரேக் மிதித்து இறங்கும் வண்டிகள் சூடான இரும்புத் துகள்களை உதிர்த்தபடி வருகின்றன. அவை சக்கரத்தை ஒட்டிய பகுதிகளில் பதிந்து துருப்பிடிக்கின்றன. சாலையோரத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் மோஸ் அளவில் 7. கிளியர் கோட் அதற்கு முன் வெண்ணெய். பாலிஷுக்கு முன் வண்டியை நன்றாகக் கழுவி, கிளே கட்டியால் தடவி எடுக்காவிட்டால், இந்தத் துகளெல்லாம் பேடின் துளையில் குடியேறி, கீறல் போக்க வந்த பேடே புதுக் கீறல் போடும். தரையில் விழுந்த பேடைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அலுமினாத் துகள்கள் ஒரு சில மைக்ரான். மணல் துகளோ நூறு மைக்ரானைத் தாண்டும். கிளியர் கோட்டின் மொத்தக் கனமே நாற்பது ஐம்பது மைக்ரான்தான். விழுந்த பேடைக் கழுவிக் காயவைக்கும்வரை ஒதுக்கி வைப்பது தவிர வேறு வழி இல்லை.

கம்பளிப் பேடும் மைக்ரோஃபைபர் பேடும் இதைவிட வேகமாகக் கீறலை எடுக்குமே, நுரையைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. எடுக்கும்தான். ஆழமான கீறலுக்கு அவற்றைப் பயன்படுத்துவதில் பிழையில்லை. ஆனால் இழைகள் தாமும் ஒரு மெல்லிய மூட்டத்தைப் பெயின்ட்டில் விட்டுப் போவது வழக்கம், கறுப்பு வண்டியில் அது நன்றாகவே தெரியும். கடைசிக் கட்டத்துக்கு எப்படியும் ஃபோமிடம்தான் வர வேண்டியிருக்கும். கழிவுப் பஞ்சும் ரப்பிங் காம்பவுண்டும் வைத்துக் கையாலேயே தேய்த்த காலத்தில் இவ்வளவு பார்த்தோமா என்பாரும் உண்டு. அப்போது பூசியது நிறத்தோடு கூடிய தடித்த எனாமல். தேய்ந்தால் அடியிலும் அதே நிறம் இருந்தது, பஞ்சில் நிறம் ஏறுவதைப் பார்த்துக் கை நின்றது. இன்று நிறமற்ற கிளியர் கோட் தேய்வது எந்த அடையாளமும் காட்டாது. பேடில் சேரும் கசடு கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் இருப்பதே, அதைக் கவனிக்காமல் விடுவதற்கு ஒரு காரணமாகவும் இருக்கலாம்.

செலவு என்ற மறுப்பு மிச்சமிருக்கிறது. ஒரு வண்டிக்கு ஆறு பேட் என்றால் சிறு பட்டறைக்குக் கட்டுபடியாகுமா? ஆறு பேட் ஆறு மடங்கு செலவு என்று கணக்குப் போட்டால் ஆகாதுதான். ஆனால் ஒரே பேடில் முழு வண்டியையும் முடிப்பவர் அந்த ஒன்றைச் சூட்டிலும் கசடிலும் வாரங்களில் கொன்றுவிடுகிறார்; ஆறை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவரிடம் ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கு வேலையே செய்து, இடையில் ஆறவும் செய்கிறது. செலவு முன்கூட்டியே வருகிறது, அவ்வளவுதான். ஆயுள் முடிந்ததைக் கண்டுகொள்ள அதே கட்டை விரல் போதும்: அழுத்திய பள்ளம் எழாமல் நின்றாலோ, விளிம்பு பிய்ந்தாலோ, வெல்க்ரோ ஓரத்தில் வாய் திறந்தாலோ அதைப் பானட்டில் வைக்கக்கூடாது. வாய் திறந்ததை உடனே எறிந்துவிடலாம். மெஷின் வேகத்தில் அது கழன்றால் பேடைத் தாங்கும் பேக்கிங் பிளேட் நேராகப் பெயின்ட்டில் இறங்கும். நுரை மட்டும் தளர்ந்தவற்றை மஞ்சளித்துப்போன ஹெட்லைட் கண்ணாடிகளுக்கு ஒதுக்கி, உறையின் மேல் பெரிய எழுத்தில் அப்படியே எழுதி வைக்கலாம்.